கர்னல் மெக்கன்சியும் காவலி சகோதரர்களும்

கொங்கு நாட்டு வரலாறு, பாளையக்காரர் வரலாறு, விசயநகர வரலாறு என்று எந்த நூலை எடுத்தாலும் அதன் அடிக்குறிப்புகளில் ஒரு பெயர் அடிக்கடி தலைகாட்டும். மெக்கன்சி சுவடிகள், மெக்கன்சி தொகுப்பு, மெக்கன்சி கைபீதுகள் என்று அந்தப் பெயர் பல வடிவில் வரும். வகுப்பில் குறிப்பெடுக்கும்போது அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டு மேலே போய்விடுகிறோம். யார் இந்த மெக்கன்சி? வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு நான் படித்தவற்றை ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் முன்வைக்கிறேன். அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் அவரோடு இன்னும் சிலரைப் பற்றியும் எழுத நேர்கிறது. அவர்கள் பெயர்கள் அடிக்குறிப்புகளில் அவ்வளவாக வருவதில்லை.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 1754-இல் காலின் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் மர்டோக் மெக்கன்சி வணிகர். அவ்வூரின் முதல் அஞ்சல் அதிகாரியும் அவரே. மகன் இளமையில் சுங்கத்துறையில் வேலை பார்த்தார். கணக்கில் நல்ல தேர்ச்சி. லாகரிதம் கண்ட நேப்பியரின் வாழ்க்கையை எழுத அந்தக் குடும்பத்தார் விரும்பினர். இந்தியர்கள் பழங்காலத்தில் கணிதத்தில் எவ்வளவு முன்னேறியிருந்தார்கள் என்பதை அறிந்துகொள்ளவும் அவர்களுக்கு ஆவல் இருந்தது. அந்த வேலையில் கை கொடுக்கும் வாய்ப்பு மெக்கன்சிக்குக் கிடைத்தது. 1783-இல் கும்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது வயது 29 இருக்கும். பிறகு அவர் தம் தீவுக்குத் திரும்பவே இல்லை.

வந்த சில நாட்களில் மதுரைக்குச் சென்றார். நேப்பியர் குடும்பத்துப் பெண்மணியான திருமதி ஜான்ஸ்டன் அப்போது கணவருடன் மதுரையில் குடியிருந்தார். அவருடைய வீட்டில் மதுரைப் பண்டிதர்களைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பு மெக்கன்சிக்குக் கிட்டியது. இந்நாட்டின் பழமையை அறியவேண்டும் என்ற வேட்கை அங்கேதான் பிறந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதிய கடிதம் ஒன்றால் தெரிகிறது. வேட்கை பிறந்ததே தவிர, அதைத் தீர்த்துக்கொள்ள வழி பிறக்கவில்லை. கோயம்புத்தூர், திண்டுக்கல், நெல்லூர், குண்டூர் என்று படையோடும் அளவைச் சங்கிலியோடும் அலைவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. மொழி தெரியாது. எழுத்து தெரியாது. கல்லில் வெட்டியிருப்பது கணக்கா, கவிதையா என்பதுகூடத் தெரியாது.

இக்காலத்தில்தான் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்தது (1790-92). நம் மாவட்டத்துக்கு இப்போர் மறக்கக்கூடாதது. 1792 மார்ச்சில் திப்பு சுல்தான் கையெழுத்திட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் பாராமகால் கும்பெனியாரிடம் வந்தது. கேப்டன் ரீடு இப்பகுதியை நிர்வகிக்க வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, தருமபுரியிலேயே வீடும் தோட்டமுமாக வாழ்ந்து 1799 வரை இங்கே பணியாற்றினார். ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். யார் பயிரிடுகிறார்கள், என்ன விளைகிறது, எந்தச் சந்தைக்கு எந்தச் சரக்கு போகிறது, எந்தச் சாதியார் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். அவை பின்னாளில் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பல பகுதிகளாக அச்சாயின. நம் பாட்டன்மாரின் ஏரும் எருதும் கிணறும் அந்தத் தாள்களில் எண்களாக இருக்கின்றன. எண்களாக மட்டுமே இருக்கின்றன என்றும் சொல்லலாம். வரி போடுவதற்கு எது தேவையோ அதைக் கேட்டார்கள், அது கிடைத்தது. இப்பகுதியை அளந்து படம் வரைந்தவர் ஜான் மேதர். பாராமகால் அளவையை முடித்த பிறகு அவர் மெக்கன்சியிடம் போய்ச் சேர்ந்தார். ஆகவே நம் மண்ணை அளந்த கை மெக்கன்சியின் வேலையிலும் பங்குகொண்டது.

மெக்கன்சியின் வாழ்க்கையைத் திருப்பிய ஆண்டு 1796. அவ்வாண்டில் ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர் அவரிடம் மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தார். வயது இருபதுதான். தெலுங்கு, வடமொழி, தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் பழக்கம் உடையவர். அதைவிட முக்கியம், மனிதர்களிடம் பேசத் தெரிந்தவர். கோயில் குருக்களிடம் ஒரு விதமாகவும், ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் வேறு விதமாகவும், ஆட்சி இழந்து மனம் நொந்து கிடக்கும் பாளையக்காரரிடம் இன்னொரு விதமாகவும் பேசி, பெட்டிக்குள் இருக்கும் ஏட்டை வெளியே எடுக்க வைக்கும் சாதுரியம் அவரிடம் இருந்தது. மெக்கன்சியே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். தாம் இந்தியாவுக்கு வந்து கழித்த முதல் பதின்மூன்று ஆண்டுகள் இந்த ஆராய்ச்சியைப் பொறுத்தவரை பெரிதும் பயனற்றுப் போயின என்றும், இந்நாட்டு அறிவின் வாசலைத் தமக்குத் திறந்துவிட்டவர் போரய்யாதான் என்றும் 1817-இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். இந்த ஜான்ஸ்டன் மதுரையில் மெக்கன்சிக்கு விருந்தளித்த அம்மையாரின் மகன். பின்னாளில் இலங்கையின் தலைமை நீதிபதியானவர். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒரு படை அதிகாரி அக்காலத்தில் இப்படி எழுதியது சிறிய செய்தி அன்று. அந்த ஒரு பண்புக்காகவே மெக்கன்சியை நான் மதிக்கிறேன்.

1799-இல் திப்பு வீழ்ந்தார். மறு ஆண்டே மைசூர் நாட்டை அளந்து படம் எழுதும் பொறுப்பு மெக்கன்சியிடம் வந்தது. சுமார் 40,000 சதுர மைல் பரப்பு. பத்தாண்டுகள் வேலை நடந்தது. காய்ச்சல் பலரைப் படுக்கையில் தள்ளியது. கும்பெனியார் செலவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இருந்தும் நிலப்படத்தோடு நில்லாமல் நாட்டின் வரலாற்றையும் திரட்ட அவர் முனைந்தார். ஒவ்வோர் ஊரிலும் கேட்கவேண்டிய கேள்விகளை உதவியாளர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஊர் எப்போது தோன்றியது, அதற்கு முன்பு அவ்விடத்தில் என்ன இருந்தது, யார் யார் ஆண்டார்கள், கோயிலைக் கட்டியவர் யார், மானியம் விட்டவர் யார், கல்லிலும் செம்பிலும் எழுத்து உண்டா, ஊரில் வழங்கும் கதை என்ன என்று கேள்விகள் நீளும். விடைகளை அந்தந்த ஊர் மொழியிலேயே எழுதிவர வேண்டும். அப்படி எழுதப்பட்டவைதான் கைபீதுகள். கல்வெட்டைப் படியெடுக்க வேண்டும். ஏடு விலைக்குக் கிடைத்தால் வாங்க வேண்டும்; கிடைக்காவிட்டால் நகல் எடுக்க வேண்டும். உதவியாளர்கள் சம்பளத்திலும் பயணச் செலவிலும் பெரும்பகுதி மெக்கன்சியின் சொந்தப் பணம்.

போரய்யா 1803-இல் காலமானார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார். மற்றொரு தம்பி ராமசாமியும் இப்பணியில் சேர்ந்தார். மைசூர் அளவையின்போது தர்மய்யா என்ற சமணப் பண்டிதர் கிடைத்தார். பழங்கன்னட எழுத்துகளைப் படிப்பதில் அவர் வல்லவர். தமிழ்ப் பகுதிகளில் சுற்றியவர்களுள் நீதல நயினா, சீனிவாசய்யா முதலியவர்கள் உண்டு. இவர்கள் மெக்கன்சிக்கு மாதந்தோறும் எழுதிய அறிக்கைகளைப் பற்றிப் படித்தால் நமக்கு நன்றாகப் பழக்கமான காட்சிகள் கண்முன் வருகின்றன. ஊருக்குள் நுழைந்ததும் ஆட்கள் ஒதுங்கிப் போகிறார்கள். ஏடு இருக்கிறதா என்று கேட்டால் கறையான் தின்றுவிட்டது என்கிறார்கள். மானியச் செப்பேட்டைக் காட்டினால் மானியத்தையே பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம்! அந்த அச்சம் காரணமற்றது என்று சொல்ல முடியுமா? அதே கும்பெனியார்தானே அப்போது மானியங்களுக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? நாற்காலிக்காரரின் ஆள் என்று தெரிந்தவனிடம் ஊரார் எதைச் சொல்வார்கள், எதை மறைப்பார்கள், எதைக் கூட்டிச் சொல்வார்கள் என்பதைக் கைபீது படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். 1799 முதல் 1801 வரை தென்பாண்டிச் சீமையில் பாளையங்கள் நொறுக்கப்பட்டன. அதற்கடுத்த ஆண்டுகளில் ஒரு பாளையக்காரர் தம் வமிசாவளியைச் சொல்கிறார் என்றால், பழைய பெருமையோடு புதிய துரைக்கு ஒரு மனுவும் அதற்குள் சேர்ந்தே இருக்கும்.

1811-இல் சாவா தீவின் மீது படையெடுப்பு நடந்தபோது மெக்கன்சியும் போனார். அங்கும் ஏடு தேடுவதை அவர் விடவில்லை. அங்கேதான், ஐம்பத்தெட்டு வயதில், பெட்ரோனெல்லா பார்டெல்ஸ் என்ற டச்சுப் பெண்மணியை மணந்தார். 1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நில அளவையர் என்ற பதவி வந்தது. 1816-இல் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் அவரை வரைந்த படம் புகழ்பெற்றது. சிவப்புப் படையுடையில் நெட்டையாக நிற்கும் மெக்கன்சி. அவரைச் சுற்றி இந்தியர் மூவர். ஒருவர் கையில் தொலைநோக்கி, ஒருவர் கையில் ஓலைச்சுவடி. தொலைவில் குன்றின்மேல் கோமதேசுவரர் சிலை. மூவருள் ஒருவர் லட்சுமய்யா என்றும் ஒருவர் தர்மய்யா என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். படம் மெக்கன்சியின் படமாக இருந்தும் ஓவியர் அந்த மூவரையும் விட்டுவிடவில்லை.

பதவி காரணமாகக் கல்கத்தா போன மெக்கன்சி சுவடிகளையும் உடன் கொண்டு சென்றார். லட்சுமய்யாவும் கூடப் போனார். எல்லாவற்றையும் முறைப்படுத்தி ஒரு பெரிய நூல் எழுதவேண்டும் என்பது மெக்கன்சியின் நெடுநாள் எண்ணம். ஏடு சேர்ப்பதிலேயே ஆயுள் போய்விட்டது. 1821 மே 8-ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகில் மரணம் அவரைத் தேடி வந்தது. அமராவதிச் சிற்பங்களைப் பற்றியும் சமணரைப் பற்றியும் எழுதிய கட்டுரைகளும் வேறு சிலவும் அச்சில் வந்தன. அந்தப் பெரிய நூல் எழுதப்படவே இல்லை.

அவர் விட்டுச் சென்றதன் அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இலக்கியம், சமயம் முதலிய சுவடிகள் 1,568. கைபீது முதலான ஊர் வரலாறுகள் 2,070. கல்வெட்டுப் படிகள் 8,076. மொழிபெயர்ப்புகள் 2,159. ஓவியங்கள் 2,630. நாணயங்கள் 6,218. இத்தனையையும் அவருடைய மனைவியாரிடமிருந்து கும்பெனியார் ஒரு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். பட்டியல் போடும் வேலையை ஏற்றவர் ஹோரேஸ் ஹேமன் வில்சன். சிறந்த வடமொழி அறிஞர். ஆனால் தென்னாட்டு மொழிகள் அவருக்குத் தெரியா. பண்டிதர்களும் முன்பே இருந்த ஆங்கிலச் சுருக்கங்களும் சொன்னதை வைத்து 1828-இல் இரண்டு தொகுதிகளாகப் பட்டியலை வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக்குத் திரும்பியது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை கப்பலேறி இலண்டன் போயின.

இனித்தான் எனக்கு முக்கியமாகப் படும் செய்தி வருகிறது. மெக்கன்சி காலமானதும் லட்சுமய்யா சென்னைக்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தொகுப்போடு வாழ்ந்தவர் அவர். எந்தச் சுவடி எந்த ஊரில் யாரிடம் கிடைத்தது, எந்தப் பகுதி இன்னும் பார்க்கப்படவில்லை, எந்தக் கைபீதை எவ்வளவு நம்பலாம் என்பன அவருக்குத் தெரிந்த அளவுக்கு அன்று உயிரோடிருந்த வேறு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நின்றுபோன வேலையைத் தாம் தொடர்ந்து நடத்துவதாகவும் அதற்கு அரசு உதவ வேண்டும் என்றும் அவர் விண்ணப்பம் செய்தார். 1830-களின் நடுவில் அது கல்கத்தாவில் இருந்த ஆசியக் கழகத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டி உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். ஏடு தேடிக் கொண்டுவர லட்சுமய்யா தகுதியானவர்தான். ஆனால் சேர்த்தவற்றை ஆராய்ந்து, பொதுமை கண்டு, வரலாறாக வடிக்கும் ஆற்றல் கீழ்நாட்டு அறிவுக்கு இல்லை. ஆகவே தலைமை ஓர் ஐரோப்பியரிடம்தான் இருக்க வேண்டும் என்பதாக விடை அமைந்தது. விண்ணப்பம் தள்ளப்பட்டது. வேலை சென்னையில் இருந்த வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் போயிற்று. உழைப்பாளிதான், மூன்று தொகுதிகள் கொண்ட சுவடிப் பட்டியலை 1857-க்கும் 1862-க்கும் இடையில் வெளியிட்டார். இருந்தும் நம் அரசர் வரிசைகளை விவிலியக் காலக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் நாட்டம் அவருடைய எழுத்துகளில் உண்டு. பொதுமை காணும் ஆற்றல் என்று சொல்லப்பட்டது இதைத்தானோ என்னவோ!

தம்பி ராமசாமி மட்டும் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. தென்னாட்டுப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 1829-இல் கல்கத்தாவில் ஆங்கில நூலாகவே வெளியிட்டுவிட்டார். அண்ணன் போரய்யாவின் வாழ்க்கையையும் அதில் எழுதிச் சேர்த்தார். போரய்யாவைப் பற்றி நமக்குத் தெரிவதற்கு அந்த நூல் ஒரு முக்கியக் காரணம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதை அன்று. ஆப்பிரிக்காவில் இன்னும் கடுமையாக நடந்தது. இங்கே கல்லும் ஏடும் இருந்தமையால் வரலாறே இல்லை என்று முழுவதுமாகச் சொல்ல வெள்ளையரால் இயலவில்லை. வரலாற்று உணர்வு இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான மக்களின் வரலாறு வாய்மொழியில் இருந்தது. எழுத்து இல்லையா, வரலாறும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1963-ஆம் ஆண்டில்கூட ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் நடத்திய வரலாறுதான் உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்ற பொருள்படப் பேசினார். அதற்கு வெகுகாலம் முன்பே, யொருபா இனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான்சன் என்ற பாதிரியார் தம் மக்களின் வரலாற்றை எழுதி வைத்துவிட்டார். ஓயோ அரசவையில் அரோக்கின் எனப்படும் மரபுவழிக் கதைசொல்லிகள் உண்டு. நம் ஊர்ப் பாணரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பாடியதையும் சொன்னதையும் கேட்டுத் தொகுத்து, 1897-இல் நூலை முடித்தார். கையெழுத்துப் படி இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே காணாமற் போயிற்று. 1901-இல் ஜான்சன் இறந்தார். அவருடைய தம்பி ஒபதையா, எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு முழுவதையும் மறுபடி எழுதினார். ஒருவழியாக நூல் 1921-இல் வெளிவந்தது. அண்ணன் தொடங்கியதைத் தம்பி சுமந்த கதை அங்கும் இருப்பதைப் படித்தபோது லட்சுமய்யாவின் நினைவு வந்தது. பின்னர் நைஜீரியாவில் கென்னத் டைக் முதலியோர் வாய்மொழி மரபையும் ஆவணமாகக் கொண்டு ஆராயும் முறையை இபாடான் பல்கலைக்கழகத்தில் வளர்த்தனர். யுனெஸ்கோ 1964-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது. ஆசிரியர் குழுவில் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்கரே. அரோக்கின்களின் வாய்மொழியும் அதில் சான்றாயிற்று.

நம் பகுதிக்குத் திரும்புவோம். கொங்குதேச ராசாக்கள் என்றொரு தமிழ் உரைநடைச் சுவடி மெக்கன்சி தொகுப்பில் இருக்கிறது. கங்கர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் என்று கொங்கு நாட்டை ஆண்டவர்களை வரிசைப்படுத்திச் சொல்லும் நூல் அது. 1846-இல் ஜான் டவுசன் என்பவர் இதை ஆதாரமாக வைத்துச் சேர நாட்டின் வரலாறு என்று இலண்டனில் கட்டுரை எழுதினார். சுவடி சொல்லும் முற்பகுதி அரசர்கள் உண்மையில் கங்க அரசர்கள். கொங்கு, சேரம், கங்கம் என்ற வேறுபாடு தெரிந்த ஓர் உள்ளூர்ப் புலவர் அருகில் இருந்திருந்தால் அந்தக் குழப்பம் நேர்ந்திருக்குமா? ஐயந்தான். அந்தக் குழப்பம் தெளியக் கல்வெட்டு ஆராய்ச்சி வளர வேண்டியிருந்தது. மூலச் சுவடி அச்சேறியது 1950-இல், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் வழியாக.

தகடூர் அதியமான் செய்தி இதைவிடச் சுவையானது. பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகு அசோகனின் சாசனங்கள் பேசத் தொடங்கின. தெற்கே தன் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்பாரையும் அசோகன் சொல்கிறான். முதல் மூவரும் யார் என்பது தெரியும். இந்தச் சத்தியபுத்திரர் யார்? துளு நாட்டவர் என்றனர் சிலர். காஞ்சியார் என்றனர் சிலர். கட்டுரைக்கு மேல் கட்டுரை வந்தது. மாவட்டக் கையேடுகளும் எழுதப்பட்டன. அன்று நம் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது; தனி மாவட்டமானது 1965-இல்தான். லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வெளிவந்தது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-இல். அதாவது ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் நம் தகடூரான் என்பதற்குச் சான்றான பாடல்கள் அச்சுக்கு வருமுன்பே நம் ஊரின் வரலாறு ஆங்கிலத்தில் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது! கடைசியில் 1981-இல், திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் சிற்றூரின் குன்றில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒரு பிராமிக் கல்வெட்டைக் கண்டார்கள். துறவியருக்கு உறைவிடம் செய்து கொடுத்தவன் அதியன் நெடுமான் அஞ்சி என்றும் அவன் சத்தியபுத்திரன் என்றும் அந்தக் கல் சொல்லிற்று. பிரின்செப்பின் கண்டுபிடிப்பில் எஞ்சி நின்ற முடிச்சு, கீழ்நாட்டார் கையால், தமிழ்க் கல்வெட்டு ஒன்றால் அவிழ்ந்தது. அப்போது பிரின்செப் மறைந்து 140 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மெக்கன்சியின் ஆட்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் அரசர், கோயில், மானியம், மடம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. மாடு மேய்த்தவனைப் பற்றிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் ஒரு கல் உண்டு என்பது அன்று பலருக்குத் தெரியாது. நம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வேடியப்பன் என்று பொங்கலிடப்படும் கற்கள் பல நடுகற்கள். ஆநிரையை மீட்கப் போய்ப் பட்டவனின் பெயரும், ஊரும், அவன் காலத்து அரசனின் ஆட்சியாண்டும் வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். பல்லவர் காலத்து அரசர் பெயர்களே சில கற்களில் உண்டு. இவற்றைப் பெருவாரியாகத் தேடிப் படியெடுக்கும் வேலை 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் இரா. நாகசாமி இயக்குநராக இருந்தபோது தொல்லியல் துறையால் நடந்தது. செங்கம் நடுகற்கள் 1972-இலும் தருமபுரிக் கல்வெட்டுகள் 1975-இலும் நூல்களாயின. எண்ணெய்ப் பிசுக்குக்கும் மஞ்சளுக்கும் அடியில் எழுத்து இருந்தது. ஊரார் கதை வேறு, கல்லில் உள்ள செய்தி வேறு என்று சில இடங்களிலும், இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதைச் சில இடங்களிலும் காணலாம். நம் நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்கள் வைக்கப்பட்டுள்ளன. பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மெக்கன்சி தொகுப்பின் தமிழ்ச் சுவடிகள் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் அவற்றின் உள்ளடக்கத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு தொகுதிகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1972-இலும் 1976-இலும் வெளியிட்டது. முதல் தொகுதியில் தமிழ், மலையாளச் சுவடிகள் இடம்பெறுகின்றன. ஆய்வேடு எழுதப்போகும் முதுகலை மாணவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். மூலத்தைப் பார்க்க விரும்புவோர் துறைத்தலைவரிடம் அறிமுகக் கடிதம் பெற்றுக்கொண்டு போவது நல்லது. சுவடிகள் உடையும் நிலையில் இருப்பதால் புரட்டுவதில் நிதானம் வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் மெக்கன்சியின் கேள்விகளைப் போல ஒரு பட்டியலை நானும் எழுதிக்கொண்டு, அதில் இல்லாத சில கேள்விகளையும் சேர்த்து, என் ஊரில் கேட்டுப் பார்த்தேன். கிணறு வெட்டியவர் யார், பஞ்சத்தில் எந்தத் திசைக்குப் போனீர்கள், மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது, வேடியப்பன் யாருக்கு உறவு என்று கேட்டேன். என் பாட்டி ஒரு மாதிரி சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை மறுத்தார். மேலத்தெருவில் மூன்றாவது ஒரு கதை கிடைத்தது. மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் தேதியையும் சொன்னவர் பெயரையும் குறித்திருக்கிறேன். ஊர்க்கோடியில் உள்ள கல்லின் எழுத்தை இன்னும் யாரும் படித்துச் சொல்லவில்லை. மழை நின்றதும் படியெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார் எங்கள் ஆசிரியர்.